அலையில்லாத கடலில் மூன்று முழுக்கு

ஜூலை 6, சனி

வந்து சேர்ந்தாயிற்று! ஐம்பத்தெட்டு வயதில் முதல் முதலாக விமானம் ஏறி, பாரிசில் இறங்கி, அங்கிருந்து நாலு மணி நேரம் ரயிலில் வந்து, பிரான்சின் தென்கோடியில் தூலோன் என்கிற கடற்கரை ஊரில், நாலாவது மாடியில், என் மகன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். புனிதவதி, நீ சாமர்த்தியக்காரிதான்.

நோட்டு புதுசு. கபிலன் ரயிலடியில் வாங்கிக் கொடுத்தான். "தினமும் எதையாவது எழுதும்மா, நல்லதுன்னு டாக்டர் சொன்னாருல்ல" என்றான். தேதி போட்டு எழுதுவதற்கு எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம். காரைக்கால் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவில் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்தவள் நான். போன வருடம் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டேன். முதுகு வலி, வேறொன்றும் இல்லை.

வந்த காரியம் இதுதான். பேரன் ரூபனுக்கு ஒன்றரை வயது. அவன் போகிற குழந்தைக் காப்பகம் ஆகஸ்ட் ஐந்திலிருந்து மூன்று வாரம் மூடிவிடுமாம். ஆகஸ்ட் மாதம் இந்த நாட்டில் பாதிப் பேர் லீவில் போய்விடுவார்களாம். கபிலனுக்குக் கப்பல் பட்டறையில் லீவு இல்லை, மருமகள் எலோடிக்கு மருந்துக்கடையில் லீவு இல்லை. "நீ வந்தாத்தாம்மா ஆகும், வேற ஆளே கிடையாது" என்று போனில் கெஞ்சினான். என்னை விட்டால் ஆளில்லையாம்! மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன்.

எலோடி வாசலிலேயே கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். "வாங்க அத்தை, சாப்டீங்களா?" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், ஆனால் நம் ஊரில் பேச்சைத் தொடங்க அது போதுமே. மற்றதெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் ஓடுகிறது. "என் மாமாவின் தோட்டத்தில் ரோஜாக்கள் உள்ளன" என்கிற மாதிரிப் பிரெஞ்சு. அதையும் அவள் புரிந்துகொள்கிறாள், நல்ல பெண்.

ரூபன் என்னைப் பார்த்து ஓவென்று அழுதான். அழட்டும். ஆகஸ்ட் ஐந்தாம் தேதிக்கு இன்னும் முப்பது நாள் இருக்கிறது.

ஜூலை 8, திங்கள்

ரொட்டிக் கடையில் மானம் போயிற்று. உள்ளே போனவள் நேராக "ஒரு ரொட்டி கொடுங்கள்" என்றேன். கடைக்காரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பின்னால் நின்ற ஆளும் பார்த்தார். கடைசியில் அவளே "போன்ஜூர் மதாம்" என்று அழுத்திச் சொன்னாள். பிறகுதான் விளங்கியது, இங்கே வணக்கம் சொல்லாமல் வாயைத் திறப்பது செருப்புக் காலோடு சாமி அறைக்குள் போகிற மாதிரி. கடைக்கு, லிஃப்டுக்கு, தபால்காரருக்கு, பஸ் ஏறினால் ஓட்டுநருக்குக்கூட! இன்றைக்கு மட்டும் பதினேழு போன்ஜூர் சொன்னேன். வாய் வலிக்கிறது, ஆனால் ஜோராக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி முப்பது வருடம் அரசாங்க பஸ் ஓட்டினார். ஏறினவர்களில் ஒருத்தராவது அவருக்கு வணக்கம் சொல்லியிருப்பாரா? அவர் போய் ஒரு வருடம் மூன்று மாதம் ஆகிறது. அதை விடுவோம்.

நீள ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்தேன். எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள். வீட்டுக்கு வருவதற்குள் முனையைக் கடித்துத் தின்றுவிட்டேன். அதையும் எல்லோரும் செய்கிறார்கள்!

ஜூலை 10, புதன்

கடலைப் பார்த்தாயிற்று. வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. மூரியோன் என்று இந்தப் பகுதிக்குப் பெயர்.

இது கடலா, குளமா? அலையே இல்லை! கரையை லேசாக நக்கிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். காரைக்கால் கடல் மாதிரி ஆளைப் புரட்டிப் போடுகிற சங்கதியெல்லாம் இல்லை. ஆனால் என்ன நிறம்! அம்மாடி! எலோடியின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். என் வயதுப் பெண்கள், எனக்கு மூத்தவர்கள்கூட, இரண்டு முழத் துணியில் மல்லாந்து கிடக்கிறார்கள். ஒருத்தி அதில் பாதியையும் கழற்றிவிட்டாள். நான் திரும்பிக்கொண்டேன். பிறகு மறுபடியும் பார்த்தேன். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை, நான் ஒருத்திதான் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

காலையில் கிழவர்கள் ஒரு கூட்டமாக நீந்துகிறார்களாம், வருடம் முழுக்க. வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் தண்ணீருக்குள்ளிருந்தே எங்களுக்குப் போன்ஜூர் சொன்னார். பதிலுக்கு நானும் கத்திச் சொன்னேன்.

ஜூலை 12, வெள்ளி

எலோடி எனக்குப் பரீட்சை வைக்கிறாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். 15 ஆம்புலன்ஸ். 18 தீயணைப்பு. தீப்பிடித்தால் மட்டும் இல்லையாம், யார் எங்கே விழுந்தாலும் மயங்கினாலும் அவர்கள்தான் முதலில் ஓடி வருவார்களாம். போனில் வீட்டு விலாசத்தைப் பிரெஞ்சில் தடங்கலில்லாமல் சொல்ல வேண்டும். தள்ளுவண்டியை ஒரே கையால் மடக்க வேண்டும். ரூபனுக்கு வேர்க்கடலை கூடாது, தேன் கொஞ்சம்தான்.

"எல்லாம் சரியா வந்தா, ஆகஸ்ட் அஞ்சாம் தேதி முதல் ரூபன் உங்க பொறுப்பு அத்தை" என்றாள். சட்டம் பேசுகிறாள், பேசட்டும். என் பிள்ளையை வளர்க்க எனக்கு யார் பரீட்சை வைத்தார்கள்? ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் விலாசத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டேன். கபிலன் கைதட்டினான். நூற்றுக்கு நூறு!

வண்டி மட்டும் மடங்கவில்லை, பேய் பிடித்த வண்டி.

ஜூலை 15, திங்கள்

நேற்று இவர்கள் தேசிய விழா. எலோடியின் அம்மா பிரிஜித் சாப்பிட வந்திருந்தார். இருபது நிமிடக் கார் தூரத்தில்தான் வீடு. மார்ச் மாதம் ஓய்வு பெற்றாராம். ஆகஸ்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஒன்றுமில்லை, யோகா, தக்காளிச் செடி" என்று சிரித்தார்.

ஒன்றுமில்லையா? அப்படியானால் ரூபனைப் பார்த்துக்கொள்ள இவர் இருக்கிறாரே! எதற்காக என்னை எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வரவழைத்தார்கள்? கபிலனைக் கேட்டேன். "அவங்களுக்கு இடுப்பு வலிம்மா" என்றான். இடுப்பு வலிக்காரி எப்படி யோகா செய்கிறாள் என்று தெரியவில்லை. எப்படியோ, எனக்கு லாபம்.

ஜூலை 18, வியாழன்

மிஸ்திரால் என்று ஒரு காற்று. காயப்போட்ட என் சுங்குடிப் புடவை பறந்து இரண்டாம் மாடிக்காரர் பால்கனியில் போய்ப் போர்த்திக்கொண்டது. அவர் அதை நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். போன்ஜூர் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

இரண்டு மணி நேரம்! ரூபனும் நானும் மட்டும்! இருவரும் சந்தைக்குப் போய்விட்டார்கள். கதவு மூடியதும் அவன் உதட்டைப் பிதுக்கினான். நான் சட்டென்று ஒரு கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு "டிரைவர் வண்டிய எடுங்க, ரைட் ரைட்" என்று கத்தினேன். சிரித்தானே பார்க்கலாம்! இரண்டு மணி நேரமும் அந்தக் கூடத்திலேயே காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நாகூர், நாகப்பட்டினம் என்று டிரிப் அடித்தோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவன் இறங்கி ஏறினான்.

அவர்கள் திரும்பி வந்தபோது என் மடியிலேயே தூங்கிப்போயிருந்தான். கால் மரத்துப்போயிற்று, நான் அசையவில்லை. சந்தையிலிருந்து எனக்குக் கடலைமாவில் சுட்ட ஒரு பெரிய அடை வாங்கி வந்திருந்தார்கள். மிளகுத்தூள் தூவிச் சூடாகத் தின்பது. காட் என்று பெயராம், நம் அடைக்குத் தூரத்துச் சொந்தம்.

ஜூலை 24, புதன்

என் அறை ஜன்னலுக்குப் புதிதாக ஒரு பூட்டு போட்டிருக்கிறான் கபிலன். குழந்தைக்காகவாம். ரூபன் என் அறைக்குள் வருவதே இல்லை, நான்தான் அவன் அறைக்குப் போகிறேன். சொன்னால் கேட்டால்தானே.

எலோடி ராத்திரிதோறும் "அத்தை, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கிறாள். மருந்துக்கடைக்காரி புத்தி! ஊர் டாக்டர் கொடுத்த அந்த வெள்ளை மாத்திரையைப் பத்து நாளாகவே நிறுத்திவிட்டேன். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவளுக்கு மாத்திரை எதற்கு? போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது தூக்கக் கலக்கமாக இருக்கக்கூடாதல்லவா.

ஜூலை 30, செவ்வாய்

பாஸ்! நேற்று முழு நாள் பரீட்சை. எலோடி வீட்டிலேயே ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு வெளியே வரவேயில்லை. பால், சோறு, தூக்கம், பூங்கா, குளியல் எல்லாம் நானே. வண்டி ஒரே கையில் மடங்கியது! சாயங்காலம் எலோடி ஃபிரிட்ஜ் தாளின் அடியில் பெரிதாக "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அரசாங்க உத்தரவு மாதிரி இருந்தது. படம் பிடித்து ஆபீஸ் சிநேகிதி லூர்துமேரிக்கு அனுப்பிவிட்டு, போனும் செய்தேன். "புனிதா, உன் குரலக் கேட்டு எவ்வளவு நாளாச்சுடி" என்று அழுதாள். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்னும் மூன்று நாள். காலண்டரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை.

அவர் இருந்தவரை ஆடி அமாவாசைக்குப் பூம்புகார் ஸ்பெஷல் பஸ் அவர்தான் ஓட்டுவார். டிரைவருக்குப் பக்கத்து சீட் எனக்கு. கூட்டம் இறங்கிக் குளித்து முடித்த பிறகு கடைசியாக நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவோம். மூன்று முழுக்கு. அவருடைய அப்பா அம்மாவுக்கு, என்னுடைய அப்பா அம்மாவுக்கு. போன வருடம் நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

இந்த வருடம் அவருக்கும் சேர்த்து முழுக வேண்டும். கடல் எட்டு நிமிட நடையில் இருக்கிறது. கபிலனிடம் சொன்னால் அவன் முகம் வாடிவிடும், எலோடியிடம் பிரெஞ்சில் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. அதிகாலையில் போய் அவர்கள் எழுவதற்குள் வந்துவிடலாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு. சாயங்காலம்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பதிவேட்டில் எழுதுகிற மாதிரி.

ஆறே காலுக்குக் கிளம்பினேன். சாவியைக் கடலில் தொலைத்துவிடக்கூடாதென்று மேசையிலேயே வைத்துவிட்டேன், வந்து மணி அடித்தால் போயிற்று. கரையில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். மூக்குக் கண்ணாடி, போன், இரண்டு வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து செருப்பின் மேல் வைத்தேன். நம் ஊரில் யார் முழுகினாலும் நகையைக் கழற்றிவிட்டுத்தானே முழுகுவோம்? அலை கொண்டுபோய்விடுமே.

புடவையோடு இறங்கினேன். பூம்புகாரில் முழங்கால் தண்ணீரில் நின்றால் போதும், அலை வந்து தலைக்கு மேலே போகும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இங்கேதான் அலையே இல்லையே! முழங்கால், இடுப்பு, மார்பு வரை நானே நடந்து போக வேண்டியிருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்கு. இரண்டு. மூன்று. மூன்றாவதில் கொஞ்சம் நேரமாகிவிட்டது. தண்ணீருக்குள் சத்தமே இல்லை.

நிமிர்ந்தால் என் கையை ஒருவர் கெட்டியாகப் பிடித்திருக்கிறார். அந்த வெள்ளைத் தொப்பிக் கிழவர். இந்தப் பக்கம் ஓர் அம்மாள் என் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருக்கிறாள். கரையில் நாயோடு வந்த ஆள் போனில் கத்திக்கொண்டிருக்கிறான். என்னைத் தரதரவென்று கரைக்கு இழுத்துப் போட்டார்கள். அந்த அம்மாள் என் செருப்பையும் அதன் மேலிருந்த நகை முடிப்பையும் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐந்தே நிமிடத்தில் சிவப்பு வண்டி. தீயணைப்புக்காரர்கள் மூன்று பேர். தங்க நிறத் தாளால் என்னைச் சுற்றினார்கள். ஒரு பெண் குனிந்து, "மதாம், எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். "நான் நலமாக இருக்கிறேன், நன்றி, நீங்கள்?" என்றேன். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். அவள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. எதற்காகக் கடலில் இறங்கினீர்கள் என்றாள். என் கணவருக்காக என்றேன். அவர் எங்கே என்றாள். இறந்துவிட்டார் என்றேன். அவ்வளவுதான், என்னைப் படுக்க வைத்து பெல்ட் போட்டுவிட்டார்கள்!

துணியில்லாமல் இறங்குகிறவளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு கஜத்தோடு இறங்கியவளுக்கு மூன்று பேர் வண்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒவ்வொருத்தராக வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கபிலன் ஓடிவந்தான். ஆடி அமாவாசை என்று இவர்களுக்குச் சொல்லப்பா என்றேன். அவன் என் ஈரப் புடவையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

மத்தியானம் வீட்டுக்கு அனுப்பினார்கள். புதன்கிழமை மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். எலோடி எனக்குச் சூப் வைத்துக் கொடுத்தாள்.

நாளைக்கு ஐந்தாம் தேதி.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஏழரைக்கு மணி அடித்தது. பிரிஜித். கையில் தக்காளிக் கூடை. இடுப்பு வலியைக் காணோம்.

எலோடி ரூபனை அவரிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். நான் நாள் முழுக்க நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ரூபன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். பிரிஜித் சிரித்துக்கொண்டேதான் பின்னாலேயே வந்தார், நான் குளியலறைக்குப் போனபோதும் வந்து கதவுக்கு வெளியே நின்றார். ஆத்திரமாக வந்தது. கடலில் குளித்தால் பைத்தியமா? என் வேலை. நான் பாஸ் பண்ணின வேலை. கையெழுத்துப் போட்ட தாள் இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கபிலனோடு சண்டை. வேலை முடிந்து வந்தவனைச் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை.

"அவங்களுக்குத்தான் ஆடி அமாவாசை தெரியாது. உனக்குமா தெரியாது? பூம்புகார்ல உங்கப்பா தோள்ல உக்காந்து முழுக்குப் போட்டவன்தானே நீ? ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லக்கூடாதா?"

அவன் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றான். "தெரியும்மா. ஆடி அமாவாசையும் தெரியும். உன்னையும் தெரியும்ல."

"என்னைப் பத்தி என்னடா தெரியும்?"

"போன வருஷம் அரசலாத்துப் பாலத்துல விடியக்காலையில நின்னியே. பால்காரர் சத்தம் போட்டுக் கூப்பிடலைன்னா? அவர் எனக்குத்தாம்மா போன் பண்ணார். நான் இங்கேருந்து என்ன பண்ணுவேன்?"

காற்று வாங்கப் போனேன் என்றேன். கைப்பிடிச் சுவரின் அந்தப் பக்கமா காற்று வாங்குவார்கள் என்று கேட்டான். ரூபன் நடுவில் வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அப்படியானால் காப்பகம் மூடுகிறது, ஆளில்லை, நீ வந்தால்தான் ஆகும் என்றதெல்லாம்? கேட்கவில்லை. கேட்டால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவான்.

ஆகஸ்ட் 7, புதன்

டாக்டர் ஒரு பெண். போனில் ஒரு தமிழ்ப் பெண் மொழிபெயர்த்தாள், யாழ்ப்பாணத் தமிழ், கேட்க இனிமையாக இருந்தது. "அம்மா, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றாள். மாத்திரையை நிறுத்திய விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை, மறுபடி தொடங்கச் சொன்னார். வாரம் ஒரு தடவை வர வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "அதை உங்கள் மருமகளோடு பேசுங்கள். உண்மையைப் பேசுங்கள்" என்றார்.

வழியெல்லாம் வெயில். ஊர் அழகாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

பிரிஜித் கிளம்பிப் போன பிறகு எலோடி சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கபிலன் ரூபனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். அவளே ஆரம்பித்தாள். பிரெஞ்சில்தான், மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா? மூணாவது தடவை ஏன் நேரமாச்சு? அந்தப் பெரியவர் பத்து வரைக்கும் எண்ணினாராம்."

கால் வழுக்கிவிட்டது என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. இந்த நோட்டில்கூட அப்படி எதையாவது எழுதித்தான் ஒப்பேற்றுவேன். ஆனால் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரைக் கூப்பிட்டுப் பாத்தேன்" என்றேன், தெரிந்த பிரெஞ்சில் தட்டுத்தடுமாறி. "தண்ணிக்குள்ள. அங்க சத்தமே இல்ல எலோடி. நல்லா இருந்துச்சு. அப்படியே இருந்துட்டா என்னன்னு இருந்துச்சு."

சொல்லிவிட்டேன். என் காதால் நானே கேட்டேன்.

"அப்புறம்?"

"அப்புறம், ரூபன் எழுந்துக்குற நேரமாச்சே, பால் யாரு காய்ச்சுவாங்கன்னு தோணிச்சு. எழுந்துட்டேன். அந்தப் பெரியவர் என்னைத் தூக்கல. நான் நிமிந்த பிறகுதான் கையைப் பிடிச்சாரு. நம்பலைன்னா அவரையே கேளு."

"கேட்டேன்" என்றாள். "இன்னிக்குக் காலையில கடற்கரைக்குப் போய்க் கேட்டேன். அவரும் இதைத்தான் சொன்னார். நீங்களா எழுந்தீங்களாம், ஏதோ அவசர வேலை இருக்குற மாதிரி."

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்குக் கேட்ட?"

"நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியணும். வந்ததுலேருந்து எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னுதான் சொல்றீங்க. மாத்திரை டப்பாவை நான் எண்ணிப் பாக்க மாட்டேனா? ஒரு தடவையாவது உண்மையைச் சொன்னாத்தானே நான் என் பிள்ளையை உங்ககிட்ட விட முடியும்?"

அழுதுவிட்டேன். ஒரு வருடம் மூன்று மாதத்தில் இப்படி அழுததில்லை. அவர் செத்த அன்றைக்குக்கூட ஆகவேண்டியதைப் பார்க்கிறேன் என்று ஓடிக்கொண்டிருந்தேன், பதிவேட்டில் அவர் பெயரை என் கையாலேயே எழுதினேன், எழுத்துப் பிசகவில்லை. எலோடி எழுந்து வந்து கட்டிப்பிடிக்கவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. என் பக்கமாக இரண்டு கத்தரிக்காயைத் தள்ளினாள். நறுக்கினேன். அழுதுகொண்டே நறுக்கினேன்.

"பாலத்துல?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"அங்க எழுந்து போய்ச் செய்ய ஒரு வேலையும் இல்ல. என்னை யாரும் எதிர்பாக்கல."

அவள் தலையாட்டினாள். இனிமேல் கடலுக்குப் போகிறதானால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், தானும் கூட வருவேன் என்றாள். சரி என்றேன். மாத்திரையை அவள் முன்னால்தான் போட வேண்டும் என்றாள். அதற்கும் சரி என்றேன். மனசு கனமாக இருக்கிற நாளில் நல்லா இருக்கேன் என்று சொல்லக்கூடாது என்றாள். அதற்குக் கொஞ்சம் யோசித்தேன். அதற்கும் சரி என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "அம்மா, நாளைக்கு நீ வர வேண்டாம். இல்லை, ஒன்றும் இல்லை. அத்தை இருக்கிறார்கள்."

குளியலறையிலிருந்து கபிலன் சத்தம் போட்டான், யாராவது துண்டு கொண்டு வாங்க என்று. நான் ஓடினேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலை எட்டுப் பத்துக்கு எலோடி கிளம்பினாள். ரூபனுக்கு இரண்டு முத்தம், எனக்கு இரண்டு முத்தம். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்து எட்டிப் பார்க்கவில்லை. லிஃப்ட் கீழே போகிற சத்தம் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

பால். பிறகு கீரை மசித்த சோறு, பாதி வாயில், பாதி என் புடவையில். பூங்காவில் ஒரு பெண்ணின் சிவப்பு வாளியைப் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன், அவள் அம்மா பரவாயில்லை என்றாள், இரண்டு பேரும் பல் முளைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பிரெஞ்சில்! ரோஜாத் தோட்டத்து மாமா பக்கம் போகாமலே கால் மணி நேரம் பேசினேன்!

நடுவில் ஒரு தடவை மனசு கனத்தது. பூங்கா பெஞ்சில், காரணமில்லாமல். ராத்திரி எலோடியிடம் அதைச் சொல்ல வேண்டும். சொல்லுவேன்.

இந்த நாலைந்து நாளில் என்னை விசாரிக்காத ஆளில்லை. தீயணைப்புக்காரர், நர்சு, டாக்டர், பிரிஜித், லூர்துமேரி, எல்லோருக்கும் ஒரே கேள்வி, நீங்க எப்படி இருக்கீங்க, நீங்க எப்படி இருக்கீங்க.

பன்னிரண்டு மணிக்கு எலோடி கடையிலிருந்து போன் செய்தாள். பின்னால் கடையில் கூட்டம், அவசர அவசரமாகப் பேசினாள். ரூபன் சாப்பிட்டானா, எவ்வளவு சாப்பிட்டான், தூங்கினானா, தொப்பி போட்டுத்தானே வெயிலில் கூட்டிப்போனீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "சரி அத்தை, வச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை!